பாசியில் சிக்காத தூண்டில்

தூண்டில் போட்டுப் பழகியவர்கள் மீனைவிடப் பாசியைத்தான் அதிகம் பிடித்திருப்பார்கள். ஏரிக்கரையில் அமர்ந்து தூண்டிலை வீசுகிறோம். தக்கை அமிழ்கிறது. ஆவலோடு இழுக்கிறோம். நரம்பு விறைக்கிறது; மூங்கில் கோல் வளைகிறது. ஆனால் மறுமுனையில் துடிப்பு இல்லை. முள் வேலம்பாசியிலோ அல்லித் தண்டிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் பலமாக இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். முள்ளும் ஈயக்குண்டும் நீருக்குள்ளேயே தங்கிவிடும்.

"இது ஒரு சிறிய தொல்லைதானே, இதில் என்ன அறிவியல்?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சிறிய தொல்லையைப் போக்குவதற்கு மனிதன் பன்னெடுங்காலமாக மூளையைச் செலவிட்டிருக்கிறான். அவன் கண்ட வழிகள் ஒவ்வொன்றிலும் ஓர் இயற்பியல் உண்மை ஒளிந்திருக்கிறது. அது மட்டுமன்று, அறுந்துபோன தூண்டில் நீருக்குள் என்ன ஆகிறது என்ற கேள்வி இன்று நம் நீர்நிலைகளின் நலத்தோடு தொடர்புடையதாகிவிட்டது.

ஓரியின் அம்பும் தூண்டில் முள்ளும்

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரியின் நினைவு வரும். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தது என்று புறநானூறு கூறுகிறது. எதிர்ப்பட்டதை எல்லாம் துளைப்பது அம்பின் பெருமை. தூண்டில் முள்ளுக்கோ அது பெருமையன்று, குறை. முள் எதிர்ப்பட்டதையெல்லாம் பற்றக்கூடாது. பாசியை விட்டுவிட்டு மீனை மட்டும் பற்ற வேண்டும். அதாவது, கண்ணும் மூளையும் இல்லாத ஓர் இரும்புத் துண்டு பாசிக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து நடக்க வேண்டும்! தூண்டிலின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கான விடைகளாகவே காணலாம்.

மிகப் பழைய தூண்டில் முட்களில் சில, ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள சகிதாரி என்னும் குகையில் கிடைத்தன. கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்யப்பட்ட அவை சுமார் 23,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நம் நாட்டில் சிந்துவெளி மக்கள் செம்பினால் தூண்டில் முட்கள் செய்தனர். அவற்றுள் சிலவற்றில், மாட்டிய மீன் நழுவாமல் தடுக்கும் எதிர்முள்ளும், கயிறு கட்டுவதற்கான வளையமும் இருந்தன. இன்று கடையில் வாங்கும் முள்ளின் உருவம் அன்றே ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது எனலாம்.

சங்க இலக்கியத்திலும் தூண்டிலுக்கு இடமுண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் அழகிய காட்சி வருகிறது. நீண்ட மூங்கில் கோலும், வளைந்த வாயையுடைய இரும்பு முள்ளும் கொண்டு பாண்மகன் ஒருவன் மீன் பிடிக்கிறான். வாளை மீன் ஒன்று முள்ளில் அகப்படாமல் இரையை மட்டும் கவ்விக்கொண்டு போய்விடுகிறது. பின்னர் அதே மீன், நீருக்கு அருகில் வளர்ந்த பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டு அஞ்சுகிறது. மீன் எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது, எதைக் கண்டு விலகுகிறது என்று கரையில் நின்று கூர்ந்து நோக்கியவர்களின் அறிவு இப்பாட்டில் பதிந்திருக்கிறது.

கி.பி. 12-ஆம் நூற்றாண்டில், கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூல் தோன்றியது. அதில் மீன்பிடி விளையாட்டைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. மீன் வகைகள், அவற்றுக்கு ஏற்ற உணவு, கோல், கயிறு ஆகியவை அதில் கூறப்படுகின்றன. இந்திய மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951-இல் இப்பகுதியை ஆங்கிலத்தில் ஆராய்ந்து வெளியிட்டார்.

முள் ஏன் மாட்டிக்கொள்கிறது?

இழுக்க இழுக்க இறுகும் அமைப்புடையது தூண்டில் முள். நரம்பை இழுக்கும்போது முள்ளின் திறந்த வாய் நாம் இழுக்கும் திசையை நோக்கி வருகிறது. எதிரில் நிற்கும் பாசித் தண்டு அந்த வாய்க்குள் நுழைந்து, வளைவின் அடிப்பகுதிவரை வழுக்கிச் சென்று அங்கே தங்குகிறது. நாம் தரும் விசை முழுவதும் தண்டை வளைவிற்குள் மேலும் அழுத்தவே பயன்படுகிறது. தண்டு வெளியேற வேண்டுமானால் எதிர்த்திசையில் நகர வேண்டும். அங்கே எதிர்முள் காவல் நிற்கிறது.

ஒற்றைத் தண்டாக இருந்தால் அறுந்துவிடும். ஆனால் பாசி கொத்தாக வளர்வது. ஒரு தண்டை அறுக்க 200 கிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். முப்பது தண்டுகள் சேர்ந்து மாட்டினால் 6 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். நரம்பு தாங்கக்கூடியது 5 கிலோகிராம்தான் என்றால் அறுவது எது? நரம்புதான்! பாசி நிறைந்த நீரில் பலத்தால் வெல்ல முடியாது என்பதற்கு இந்தச் சிறு கணக்கே போதும்.

முள்ளே வேண்டாம் என்ற விடை

பாசி முள்ளில் மாட்டுகிறது என்றால், முள் இல்லாமலே மீன் பிடித்தால் என்ன? நம் கிராமத்து மக்கள் கண்ட எளிய விடை இது. கோடையில் கண்மாய் வற்றும்போது மக்கள் 'ஊத்தா' எடுத்துக்கொண்டு இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூங்கில் குச்சிகளால் பின்னிய, மேலும் கீழும் திறந்த கூடை அது. அடிப்பக்கம் அகன்றும் மேற்பக்கம் குறுகியும் இருக்கும். முழங்கால் அளவு நீரில் நடந்து, ஊத்தாவைச் சேற்றில் குத்துகிறார்கள். உள்ளே மீன் அகப்பட்டால் அது கூடையில் மோதும் அதிர்வு கைக்குத் தெரியும். மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே பாசியையும் மீனையும் பிரித்தறியும் வேலையை மனிதனின் கையே செய்கிறது. பாசி மோதாது, மீன் மோதும். ஆனால் ஆழமான நீரில் ஊத்தா பயன்படாது. அங்கே மீண்டும் தூண்டிலைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

விரால் காட்டிய வழி

பாசி நிறைந்த குளங்களின் அரசன் விரால் மீன். செவுள்களோடு கூடவே காற்றைச் சுவாசிக்கும் அறையும் இதன் தலையில் உண்டு. எனவே உயிர்வளி குறைந்த, பாசி மண்டிய நீரிலும் இது செழித்து வாழும். அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிவிட்டுச் செல்லும். பாசியை விலக்கி வட்டமாகக் கூடு அமைத்து முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீந்த, தாயும் தந்தையும் அவற்றைக் காத்து நிற்கும்.

விரால் மேலே வருகிறது என்றால், முள்ளைப் பாசிக்குள் இறக்க வேண்டிய தேவையே இல்லை அல்லவா? தவளையை முள்ளில் கோத்துப் பாசியின் மேற்பரப்பிலேயே இழுத்துச் செல்லும் முறை இப்படிப் பிறந்தது. பாசி கீழே, முள் மேலே. தவளை தாவிச் செல்வதாக நினைத்து விரால் பாய்ந்து கவ்வும். இங்கே பாசியையும் மீனையும் பிரிப்பது இயக்கம். பாசி நின்ற இடத்தில் நிற்கும். மீன் தேடி வரும்.

சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர் 1887-இல், ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றித் தனியாகவே இன்னொரு நூலையும் வெளியிட்டார். ஓடும் ஆற்றில் தூண்டிலிடுவது வேறு, தேங்கிய நீரில் தூண்டிலிடுவது வேறு என்பதற்கு அந்த இரண்டாவது நூலே சான்று.

கம்பி காட்டிய வழி

அதே காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மற்றொரு வகை முயற்சி நடந்தது. உயிருள்ள இரைக்குப் பதிலாக, மீன்போல் மின்னும் உலோகத் தகட்டைப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே பரவியது. கரண்டியின் குழிபோன்ற வடிவமுடைய இத்தகைய போலி இரைக்கு ஜூலியோ பியூல் என்பவர் 1852-இல் காப்புரிமை பெற்றார். தகடு நீரில் நெளிந்து ஒளிவீசியது, மீன்களும் ஏமாந்தன. ஆனால் பாசி ஏமாறவில்லை! வழக்கம்போல் முள்ளைப் பற்றிக்கொண்டது.

1920-களில் லூயி ஜான்சன் என்பவர் ஒரு நல்ல தீர்வைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய தகட்டில் முள் ஒன்றுதான். அதுவும் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. தகட்டின் அடிவயிறு கனமானதால் அதன் புவியீர்ப்பு மையம் கீழே அமைந்தது. எனவே தகடு நீரில் புரண்டாலும், தலையாட்டிப் பொம்மையைப்போல நிமிர்ந்துகொள்ளும். முள்ளின் நுனி எப்போதும் மேல்நோக்கியே இருக்கும். அந்த நுனிக்கு முன்னால், தகட்டின் தலைப்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய வில்கம்பி சாய்வாக நீண்டு காவல் காத்தது.

இந்தக் கம்பி பாசியையும் மீனையும் எவ்வாறு பிரித்தறிகிறது? கம்பி கிடைத்தளத்தோடு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். தகட்டை இழுக்கும்போது பாசித் தண்டு முன்பக்கமிருந்து கிடைத்திசையில் மோதுகிறது. அந்த விசையை இரு கூறுகளாகப் பிரித்தால், கம்பியை வளைக்கக்கூடிய செங்குத்துக் கூறு பாதிதான்; ஏனெனில் சைன் 30° = 0.5. மீதிக் கூறு தண்டைக் கம்பியின் வழியே மேல்நோக்கி வழுக்கச் செய்கிறது. ஈரமான பாசியில் உராய்வும் குறைவு. எனவே தண்டு வழுக்கி, முள் நுனியைத் தாண்டிப் போய்விடுகிறது.

மீனின் தாடையோ மேலிருந்து கீழாக அழுத்துகிறது. அப்போது கம்பிக்குச் செங்குத்தான கூறு கோசைன் 30°, அதாவது விசையில் ஏறக்குறைய 87 விழுக்காடு. பாசியின் விசையைவிடத் தாடையின் விசை இயல்பாகவே மிகுதி. அதோடு அது பயனுள்ள திசையிலும் செயல்படுகிறது. கம்பி மடிகிறது, முள் வெளிப்படுகிறது, மீன் அகப்படுகிறது. பாசியையும் மீனையும் இங்கே பிரித்தறிவது விசையின் அளவும் திசையும்தான்.

கம்பி மிக விறைப்பாக இருந்தால் மீனும் தப்பிவிடும். மிக மென்மையாக இருந்தால் பாசியும் புகுந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விறைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் செய்பவரின் திறமை இருக்கிறது.

நீங்களே செய்து பார்க்கலாம்

ஒரு கம்பி ஊக்கைத் தூண்டில் முள்போல் வளைத்து நூலில் கட்டுங்கள். நுனி மேல்நோக்கி இருக்குமாறு தேங்காய்ப்பூத் துவாலையின்மேல் வைத்து, மற்றொரு மடிப்பால் மூடி இழுங்கள். துவாலையின் இழைகளில் அது மாட்டிக்கொள்ளும். இப்போது மெல்லிய ஈர்க்குத் துண்டு ஒன்றை நூல் கட்டிய இடத்தில் சேர்த்துக் கட்டி, அதன் மறுமுனை முள் நுனிக்குச் சற்று மேலே நிற்குமாறு சாய்வாக அமையுங்கள். மீண்டும் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டாது. ஈர்க்கை விரலால் மேலிருந்து அழுத்தினால் உடனே முள் நுனி விரலில் படும். ஆகவே மெதுவாக அழுத்துங்கள்!

மறைத்து வைத்த நுனி

மூன்றாவது விடை 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1949-இல் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக்கால் மண்புழுவை வார்த்தார். பின்னர் டெக்சஸ் மாநிலத்தில் இப்புழுவை முள்ளில் கோர்க்கும் புதுமுறை ஒன்று வழக்கிற்கு வந்தது. முள்ளின் நுனி வெளியே தெரியாமல் புழுவின் உடலுக்குள்ளேயே புதைக்கப்பட்டது. பாசிக்குத் தெரிவது வழவழப்பான புழு மட்டுமே. மீன் கடிக்கும்போது மெல்லிய உடல் நசுங்க, நுனி வெளிவருகிறது. உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர்த் தவளையும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். நம் ஊர்த் தவளை முறையும் கம்பிக் காவலின் தத்துவமும் அதில் ஒன்றுசேர்ந்துவிட்டன.

புதிய பாசி, புதிய நரம்பு

இவ்வளவு கண்டுபிடிப்புகளுக்குப் பிறகும் தொல்லை தீர்ந்ததா? இல்லை. ஏனெனில் நீரும் மாறியது, நரம்பும் மாறியது.

அல்லியும் ஆம்பலும் வளரும் குளத்தில் இலைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஆகாயத்தாமரை அப்படியன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நுழைந்த இச்செடி, ஏற்ற சூழ்நிலையில் சுமார் இரண்டு வாரங்களில் இருமடங்காகும். 1936-இல் வங்காளத்தில் இதை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1982-இல் இதைத் தின்னும் நியோகெட்டினா என்னும் கூன்வண்டுகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஆயினும் சாக்கடையும் உரமும் கலந்து சத்து மிகுந்த ஏரிகளில் ஆகாயத்தாமரை இன்றும் பாய் விரித்தாற்போல் மூடிக்கிடக்கிறது. அதன் வேர்க்கொத்துக்குள் போன முள் எளிதில் திரும்புவதில்லை.

நரம்பின் மாற்றம் இதைவிடப் பெரிது. பழைய தூண்டில் கயிறு பருத்தியாலோ பட்டாலோ ஆனது. அறுந்து நீரில் தங்கினாலும் நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்துவிடும். 1935-இல் காரோதர்ஸ் என்ற அமெரிக்க வேதியியலறிஞரின் ஆய்வுக்கூடத்தில் நைலான் பிறந்தது. 1938-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. விரைவிலேயே அது தூண்டில் நரம்பாகவும் உருவெடுத்தது. நம் மீனவர்கள் 'தங்கூசி' என்று அழைக்கும் ஒற்றையிழை நரம்பு இதுவே. நீரில் கண்ணுக்குத் தெரியாதது, வலிமை மிக்கது, மக்காதது. பிடிப்பவருக்கு இம்மூன்றும் நன்மை. அறுந்துபோன பின்னர் இம்மூன்றும் தீமை. கொக்கின் காலும் நீர்க்காகத்தின் சிறகும் ஆமையின் கழுத்தும் கண்ணுக்குத் தெரியாத, அறுக்க முடியாத, அழியாத இழையில் சிக்கிக்கொள்கின்றன.

ஈயக்குண்டின் கதையும் இத்தகையதே. பிரிட்டனில் அன்னப்பறவைகள் நீரடியில் கிடந்த ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி, ஈய நஞ்சால் மடிந்தன. எனவே 1987-இல் அங்கே சிறு ஈயக்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

ஆகவே, தூண்டில் பாசியில் சிக்காமல் பார்த்துக்கொள்வது நம் பணத்தை மிச்சப்படுத்தும் தந்திரம் மட்டுமன்று. நீர்நிலைக்குச் செய்யும் கடமையும் ஆகும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

முள் மாட்டிவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். நரம்பைத் தளர விடுங்கள். அலையின் அசைவிலேயே சில வேளை முள் கழன்றுவிடும். கழலாவிட்டால் கரையோரமாக நடந்துசென்று, மாட்டிய இடத்துக்கு மறுபக்கத்திலிருந்து மெதுவாக இழுங்கள். உள்ளே நுழைந்த திசைக்கு எதிர்த்திசையே முள் வெளியேறும் திசை.

ஈயத்துக்குப் பதில் சிறு கல்லைப் பயன்படுத்துங்கள். அதை முதன்மை நரம்பைவிட வலுக்குறைந்த பருத்தி நூலால் கட்டுங்கள். கல் சிக்கினால் அந்த நூல் மட்டும் அறும். மற்றவை கைக்கு வந்து சேரும். மின்சுற்றில் உருகி செய்யும் வேலையும் இதுதான். ஓரிடத்தில் அறுபட வேண்டும் என்றால், அந்த இடத்தை நாமே முன்கூட்டித் தேர்ந்துகொள்கிறோம்.

கரையில் கிடக்கும் தங்கூசித் துண்டு, அது உங்களுடையதாக இல்லாவிட்டாலும், எடுத்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செந்நிற விரால் குஞ்சுகள் கூட்டமாகத் தெரியும் இடத்தில் தூண்டில் போடாதீர்கள். தாய் மீனை எடுத்துவிட்டால் குஞ்சுகளுக்குக் காவல் இல்லை.

தூண்டில் விழாத நீர்

இனி மீண்டும் ஓரியின் மலைக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோயிலை அடுத்து ஐயாறு ஓடுகிறது. அதுவே அருகில் ஆகாய கங்கை அருவியாகக் கீழே பாய்கிறது. இந்த ஆற்றில் பிடித்த மீனை ஒருவர் அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, துண்டுகள் ஒன்றுசேர்ந்து உயிர்பெற்று ஆற்றுக்குள் துள்ளிக் குதித்தன என்பது அக்கோயிலின் தல வரலாறு. அதனால் அங்கே மீனைப் புனிதமாகக் கருதி உணவிடுவது வழக்கம், பிடிப்பதில்லை. கர்நாடகத்தில் துங்கை ஆற்றங்கரையிலுள்ள சிருங்கேரியிலும் இவ்வாறே மீன்கள் காக்கப்படுகின்றன.

துண்டான மீன் ஒன்றுசேராது என்பதை அறிவியல் படித்த நாம் அறிவோம். ஆனால் கதையை ஒதுக்கிவிட்டு விளைவை மட்டும் பாருங்கள். ஆற்றின் ஒரு பகுதியில் தூண்டில் விழவில்லை என்றால், அங்கே மீன் முழு வளர்ச்சி பெற்று முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றின் பிற பகுதிகளுக்கும் பரவும். இன்றைய மீனியலார் 'காப்பிடம்' என்று அழைப்பது இதைத்தான்.

சிப்பி முள்ளிலிருந்து பிளாஸ்டிக் புழுவரை மனிதன் செய்த கருவிகள் அனைத்தும், பாசியை விலக்கி மீனைத் தேர்ந்தெடுக்கும் அறிவை முள்ளுக்குப் புகட்ட முயன்றவையே. கம்பியின் சாய்வும் விறைப்பும் அந்த அறிவைப் பெருமளவு தந்துவிட்டன. ஆனால் எந்த நீரில் தூண்டிலை வீசுவது, எங்கே வீசாமல் விடுவது என்று தேர்ந்தெடுக்கும் அறிவை எந்தக் கம்பியாலும் தர முடியாது. அது கோலைப் பிடித்திருக்கும் கையிடம் இருக்க வேண்டும்.